நாலு கைடு வாங்கியும் மார்க் ஏறவில்லையே?

கேள்வி: துறையூர் பக்கம் இருக்கிறோம். என் மகள் இந்த வருடம் ப்ளஸ் டூ. பத்தாவது வரை தமிழ் மீடியம், ப்ளஸ் ஒன்னிலிருந்து இங்கிலீஷ் மீடியம். சட்டம் படிக்க வேண்டும், டிசம்பரில் தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களுக்கான நுழைவுத் தேர்வான கிளாட் எழுத வேண்டும் என்கிறாள். திருச்சியில் தேடி நாலு கைடு வாங்கிக் கொடுத்தோம். ஆனாலும் மாக் டெஸ்ட்டில் ஆங்கிலப் பகுதியில் 24 கேள்விக்கு 12, 13 சரி என்பதைத் தாண்டவில்லை. தினமும் இங்கிலீஷ் பேப்பர் தலையங்கம் படி என்கிறார் அவள் மாமா. 3,000 வார்த்தை மனப்பாடம் செய் என்கிறார் டியூஷன் சார். அவளோ டெலிகிராமில் கிடைத்த பிடிஎஃப் எல்லாவற்றையும் போனில் இறக்கி வைத்திருக்கிறாள். ஒரு கோச்சிங் சென்டரில் மெட்டீரியலும் 60 மாக் டெஸ்ட்டும் சேர்த்து 18,000 ரூபாய், வெள்ளிக்கிழமைக்குள் கட்டினால் 14,000 என்கிறார்கள். எதை வாங்குவது, எதை விடுவது? (பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட ஒரு தாய்)

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

பணத்தைக் கையிலேயே வைத்திருங்கள். வெள்ளிக்கிழமை விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன்.

எத்தனை கைடு, எத்தனை டெஸ்ட், எவ்வளவு ரூபாய் என்று எல்லாம் எழுதியிருக்கிறீர்கள். மகள் தப்பாகப் போட்ட அந்தப் பதினோரு கேள்வி ஏன் தப்பாயிற்று என்பது மட்டும் கடிதத்தில் இல்லை. அது தெரிந்தால்தான் எந்தப் புத்தகம் என்ற பேச்சே. நுழைவுத் தேர்வுக்கு வாசிப்புப் பகுதி சொல்லிக் கொடுக்கும் என்னைப் போன்றவர்களிடம் பெற்றோர் முதலில் கேட்பது புத்தகப் பெயர்தான். நான் திருப்பிக் கேட்பது பிள்ளை எழுதிய பழைய விடைத்தாளை.

வீட்டிலேயே இரண்டு சோதனை செய்யலாம், செலவு கிடையாது. அவள் இதுவரை பார்க்காத நாலு பத்தியை எடுத்துக் கொடுத்து, கடிகாரம் இல்லாமல், எவ்வளவு நேரம் ஆனாலும் சரி என்று எழுதச் சொல்லுங்கள். 13 என்பது 20 ஆகிவிட்டால் அவளுக்குப் புரிகிறது, வேகம்தான் போதவில்லை. நேரம் கொடுத்தும் அதே 13 வந்தால் வேகத்தைப் பற்றிக் கவலைப்பட இது நேரமில்லை, வேறு ஏதோ தடுக்கிறது.

அந்த வேறு ஏதோ என்ன என்பதற்குத்தான் இரண்டாவது சோதனை. ஒரு நல்ல தமிழ்க் கட்டுரையை எடுங்கள். நாளிதழின் நடுப்பக்கத்தில் வருமே, அந்த மாதிரி. அதிலிருந்து, எழுதியவர் உண்மையில் என்ன சொல்ல வருகிறார், இந்த உதாரணத்தை எதற்காகக் கொடுத்தார், யாரை மறுக்கிறார் என்று மூன்று கேள்வி கேளுங்கள். பத்தாவது வரை தமிழில் படித்த பெண். தமிழில் இதற்கெல்லாம் டக்கென்று சரியான பதில் சொல்கிறாள் என்றால், கட்டுரையைப் பிரித்துப் பார்க்கும் மூளை அவளிடம் ஏற்கெனவே இருக்கிறது, நீளமான ஆங்கில வாக்கியம்தான் வழி மறிக்கிறது என்று அர்த்தம். அவளுக்குத் தேவை கடினமான கேள்வித்தாள் கிடையாது. எளிய ஆங்கிலத்தில் நிறையப் படிக்க வேண்டும். தமிழிலும் தடுமாறினால், வார்த்தைப் பட்டியல் எத்தனை மனப்பாடம் செய்தாலும் மார்க் நகராது. நல்ல கேள்விகளோடு பழக வேண்டியதுதான் வழி. இரண்டு பிள்ளைகளுக்கும் வாங்க வேண்டிய மெட்டீரியல் வேறு வேறு. கடையில் இருவருக்கும் ஒரே கைடுதான் கிடைக்கிறது.

மாக் டெஸ்ட்டில் 13 என்பது சரியான விடைகளின் எண்ணிக்கைதானா, நெகட்டிவ் போக நின்றதா என்றும் பாருங்கள். ஒரு தப்புக்குக் கால் மார்க் போகும். 13 சரி, 11 தப்பு என்றால் கையில் நிற்பது 10.25தான். தெரியாததைத் தொடாமல் விடுகிறாளா, எல்லாவற்றுக்கும் குத்துமதிப்பாக வட்டம் போடுகிறாளா என்பதும் இதில் தெரிந்துவிடும்.

தேர்வு என்ன கேட்கிறது என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், மெட்டீரியலை அதை வைத்துத்தான் அளக்க முடியும். கிளாட்டில் 120 கேள்வி, 120 நிமிடம். ஆங்கிலம் 22 முதல் 26 கேள்வி வரை. நாட்டுநடப்பு, சட்டம், தர்க்கம் ஆகிய மூன்றுக்கும்கூடப் பத்தி கொடுத்துத்தான் கேள்வி. ஒரு பத்தி 450 சொற்கள் வரை போகும். கணக்குப் பகுதியைத் தள்ளிவிட்டு, ஒரு பத்திக்கு ஐந்தாறு கேள்வி என்று வைத்தால் மொத்தம் இருபது பத்தி, ஏறக்குறைய 9,000 சொற்கள். இரண்டு மணி நேரத்துக்குள் அவ்வளவையும் படித்து, விடையும் குறிக்க வேண்டும். ஆங்கிலப் பகுதிக்கு என்று செய்யும் பயிற்சி மற்ற மூன்று பகுதியிலும் பலன் தரும் என்பதால்தான் இதற்கு இவ்வளவு மெனக்கெடச் சொல்கிறேன்.

ஒரு ஆங்கிலப் பத்திக்கு ஆறு நிமிடம் கிடைக்கும் என்று வையுங்கள். நிமிடத்துக்கு 150 சொல் படிக்கிற பிள்ளைக்குப் படிக்கவே மூன்று நிமிடம் போய்விடும், மிச்சம் மூன்று நிமிடத்தில் ஆறு கேள்வி. 225 சொல் படிக்கிறவளுக்கு நாலு நிமிடம் மிச்சம். உங்கள் மகளின் வேகம் எவ்வளவு என்பதை ஒரு பத்தியையும் போனில் இருக்கும் ஸ்டாப்வாட்சையும் வைத்து இன்றைக்கே கண்டுபிடித்துவிடலாம். பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளை ஐந்து முதல் ஏழு நிமிடத்தில் படிக்கக்கூடிய பத்திகள் என்று தேர்வு நடத்தும் தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பே சொல்கிறது. அதை நம்பி ஏழு நிமிடம் படித்தால் கேள்விக்கு நேரம் எங்கே?

சரி, மெட்டீரியலுக்கு வருவோம். எல்லாவற்றுக்கும் மேலே இருப்பது பழைய அசல் வினாத்தாள். அந்தக் கூட்டமைப்பின் இணையதளத்தில் பழைய தாள்களும் மாதிரித் தாள்களும் இருக்கின்றன. ஒன்றை மட்டும் கவனியுங்கள். 2020க்கு முன்னால் கிளாட் வேறு தேர்வு. 200 கேள்வி, தனித்தனியாக இலக்கணம், எதிர்ச்சொல், மரபுத்தொடர் என்று வரும். 2020இல்தான் எல்லாமே பத்தியிலிருந்து என்று மாறியது, கேள்வி 150 ஆயிற்று. 2023 டிசம்பரில் நடந்த தேர்விலிருந்து 120. 'பத்தாண்டு வினாத்தாள் தொகுப்பு' என்று அட்டையில் போட்ட புத்தகத்தில் 2020க்கு முந்தைய தாள்கள் எத்தனை பக்கம் என்று எண்ணிப் பாருங்கள். வாசிப்புப் பகுதிக்கு அவை உதவாது. உங்களிடம் இருக்கும் நாலு கைடில் ஒன்றாவது இந்த வகையாக இருக்கும் என்பது என் ஊகம்.

ஆக, உங்களுக்குப் பயன்படுகிற அசல் தாள் 2020இலிருந்து வருடத்துக்கு ஒன்றுதான். அதை ஊறுகாய் மாதிரி தொட்டுக்கொள்ள வேண்டும். ஜூன் மாதமே எல்லாத் தாளையும் எழுதி முடித்துவிட்டு, நவம்பரில் என்ன எழுதுவது என்று முழிக்கும் பிள்ளைகள் நிறைய. 2020, 2021, 2022 தாள்களை இப்போது எடுத்துக்கொள்ளட்டும். முழுத் தேர்வாக வேண்டாம், ஒரு நாளைக்கு ஒரு பத்தி, நேரக் கணக்கில்லாமல், பாடப்புத்தகம் போல. கடைசி மூன்று வருடத் தாளை ஒரு உறையில் போட்டு நீங்கள் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அக்டோபர் கடைசியிலிருந்து ஒவ்வொன்றாக, ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு மணி நேரம், போன் வேறு அறையில். தேர்வு இப்போது காகிதத்தில்தான், ஓஎம்ஆர் தாளில் வட்டத்தைக் கருப்பாக்க வேண்டும். ஆகவே இதெல்லாம் அச்செடுத்த தாளாக இருக்க வேண்டும், போன் திரை வேண்டாம். ஜெராக்ஸ் கடைக்குக் கொடுக்கும் பணம் வீண் இல்லை.

விடைக்குறிப்பைப் பற்றி ஒரு எச்சரிக்கை. தேர்வு முடிந்ததும் வருவது தற்காலிக ஆன்சர் கீ, ஆட்சேபங்களுக்குப் பிறகு வருவதுதான் இறுதியானது. 2024 டிசம்பரில் நடந்த தேர்வின் சில விடைகள் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போய், அங்கிருந்து 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் வரை போயின. வழக்கறிஞர் ஆகப்போகிற பிள்ளைகள், விடுவார்களா! அந்த வருடத் தாளை எழுதும்போது தீர்ப்புக்குப் பிறகு திருத்திய விடைகளைத்தான் ஒப்பிட வேண்டும். கைடில் அச்சான பழைய விடையை நம்பி, சரியாகப் போட்டதைத் தப்பு என்று அவள் நினைத்துக் குழம்பக் கூடாது.

அசல் தாள் இவ்வளவு குறைவாக இருக்கும்போது மிச்ச நாட்களுக்கு எதை வைத்துப் பயிற்சி செய்வது? இங்கேதான் கைடு, மாக் டெஸ்ட் எல்லாம் வருகின்றன, பணம் வீணாவதும் இங்கேதான். ஒரு கைடு நல்லதா கெட்டதா என்று கடையில் நின்றபடியே பார்க்க முடியும். அதைக் காட்ட, தமிழிலேயே ஒரு சின்னப் பத்தி எழுதியிருக்கிறேன். மகளோடு சேர்ந்து நீங்களும் படியுங்கள்.

"ஊரே கூடி ஏரியைத் தூர்வாரிய குடிமராமத்து முறையை இன்று பலர் ஏக்கத்தோடு நினைத்துப் பார்க்கிறார்கள். அரசாங்கத் துறை ஏரிகளைக் கையில் எடுத்த பிறகுதான் ஊர் மக்கள் விலகினார்கள் என்பது அவர்கள் வாதம். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் 1858இலேயே அன்றைய சென்னை மாகாணத்தில் கட்டாய உழைப்புக்கென்று ஒரு சட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது. எல்லாரும் மனமுவந்து மண்வெட்டி எடுத்திருந்தால் அந்தச் சட்டத்துக்குத் தேவை என்ன?"

கேள்வி: இதை எழுதியவரின் நிலைப்பாட்டுக்கு மிக நெருக்கமானது எது?

அ) குடிமராமத்து முழுக்க முழுக்கக் கட்டாயத்தின் பேரில்தான் நடந்தது.
ஆ) அரசாங்கத் துறை தலையிட்டதால்தான் ஊர் மக்கள் ஏரியைக் கைவிட்டார்கள்.
இ) குடிமராமத்தை ஏக்கத்தோடு நினைப்பவர்கள் அதில் இருந்த கட்டாயத்தைக் கணக்கில் எடுப்பதில்லை.
ஈ) ஏரிகள் தூர்ந்துபோனதால் நிலத்தடி நீர் குறைந்துவிட்டது.

விடை இ. அதைவிட முக்கியம், மற்ற மூன்றும் எப்படித் தப்பாகின்றன என்பது. 'அ' எழுதியவர் போகிற திசையில்தான் போகிறது, ஆனால் அவர் நிற்கும் இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறது. 'உண்மை இல்லாமல் இல்லை' என்று எதிர்த்தரப்புக்கு இடம் கொடுத்த ஆள் 'முழுக்க முழுக்க' என்று சொல்ல மாட்டார். 'ஆ' பத்தியில் அப்படியே இருக்கிறது, ஆனால் அது அவர் வாதமல்ல, அவர் மறுக்க எடுத்துக்கொண்ட வாதம். அவசரமாகப் படிக்கும் பிள்ளைகள் மொத்தமாக விழுவது இதில்தான், பார்த்த வாக்கியம் மாதிரியே இருக்கிறதே! 'ஈ' ஊர் அறிந்த விஷயம், பத்தியில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பொது அறிவு அதிகம் உள்ள பிள்ளைகள் இதில் ஏமாறுவார்கள்.

நல்ல கேள்வி இப்படித்தான் இருக்கும். தப்பான ஆப்ஷன் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு காரணம் இருக்கும், ஒரு குறிப்பிட்ட வகை அவசரத்தைப் பிடிக்க வைத்த கண்ணி அது. இதே பத்திக்கு மட்டமான கைடு என்ன கேட்கும்? 'சட்டம் எந்த ஆண்டு வந்தது?' 'மனமுவந்து என்பதன் எதிர்ச்சொல் என்ன?' முதலாவதற்குப் பத்தியைப் படிக்கவே வேண்டாம், எண்ணைத் தேடினால் போதும். இரண்டாவதற்குப் பத்தியே வேண்டாம். நம் பள்ளித் தேர்வில் பழகிய கேள்விகள் இவை என்பதால் பிள்ளைக்கும் சுகமாக இருக்கும். 24க்கு 22 வரும், வீட்டில் எல்லாரும் சந்தோஷப்படுவோம், அசல் தாளில் 12தான் வரும்.

ஆகவே கடையில் கைடின் நடுவில் ஏதாவது ஒரு பத்தியைத் திறந்து, பின்னால் விடை விளக்கத்துக்குப் போங்கள். 'விடை இ. பத்தியிலிருந்து இது தெளிவாகிறது' என்று ஒரே வரியில் முடிந்தால் புத்தகத்தை அலமாரியில் வைத்துவிடலாம். மற்ற மூன்றும் ஏன் தப்பு, எந்த வரியால் தப்பு என்று சொல்லும் புத்தகம்தான் சொல்லிக் கொடுக்கிற புத்தகம். அப்புறம் பத்தியின் நீளத்தைப் பாருங்கள். 150 சொல்லில் பத்தி, கீழே பத்துக் கேள்வி என்றால் அது வேறு ஏதோ தேர்வுக்கு எழுதியதைப் பெயர் மாற்றிப் போட்டது. ஒரு கேள்விக்கு இரண்டு ஆப்ஷன் பொருந்துகிறதே என்று உங்கள் மகளுக்கு அடிக்கடி தோன்றினால், நாலைந்து கேள்வியைப் பள்ளி ஆங்கில ஆசிரியரிடம் காட்டுங்கள். அவருக்கும் இரண்டாகத் தோன்றினால் குறை கேள்வியில் இருக்கிறது. வீட்டில் இருக்கும் நாலு கைடையும் இப்படிச் சலித்துப் பாருங்கள். ஒன்று தேறினால் அது போதும், ஐந்தாவது வாங்க வேண்டாம்.

கைடுகளைவிட நான் அதிகம் நம்புவது, வேறு பெரிய தேர்வுகளின் அசல் தாள்களை. தேர்வு நடத்துகிறவர்கள் எழுதும் கேள்விக்கும் கைடு போடுகிறவர் எழுதும் கேள்விக்கும் தரத்தில் தூரம் அதிகம். உங்கள் மகளுக்கு நான் முதலில் எடுத்துக் கொடுப்பது அமெரிக்கக் கல்லூரிகளுக்கான எஸ்ஏடி தேர்வின் பழைய காகித வடிவத்தை. துறையூர்ப் பெண்ணுக்கு அமெரிக்கத் தேர்வு எதற்கு என்று சிரிக்காதீர்கள். 2016இலிருந்து காகிதத் தேர்வு முடியும்வரை அதன் வாசிப்புப் பகுதியில் ஐந்து பத்திகள் இருந்தன. ஒவ்வொன்றும் 500 முதல் 750 சொற்கள், மொத்தம் 52 கேள்வி, 65 நிமிடம். ஒரு கதை, ஒரு பழைய அரசியல் உரை அல்லது ஆவணம், ஒரு சமூக அறிவியல் கட்டுரை, இரண்டு அறிவியல் கட்டுரை. நீளம் கிளாட் பத்தியைவிடக் கொஞ்சம் அதிகம், கேள்வியின் போக்கு ஏறக்குறைய அதேதான். தேர்வை நடத்தும் காலேஜ் போர்டு இலவசமாக வெளியிட்ட பயிற்சித் தாள்களில் ஒவ்வொரு ஆப்ஷனும் ஏன் சரி, ஏன் தப்பு என்று விளக்கம் இருக்கும். இன்னொரு வசதி: ஒரு கேள்வி முடிந்ததும், 'முந்தின கேள்விக்கு நீ போட்ட விடைக்குப் பத்தியில் எந்த வரி ஆதாரம்?' என்று அடுத்த கேள்வி வரும். கை வைத்து வரியைக் காட்டச் சொல்கிறது. ஒரு மாதம் இதைச் செய்த பிள்ளை, கிளாட் தாளிலும் வரியைத் தேடாமல் விடை போடாது.

தேடும்போது வடிவத்தைப் பார்த்து எடுக்கச் சொல்லுங்கள். எஸ்ஏடி வெளிநாடுகளில் 2023 மார்ச்சிலிருந்தும் அமெரிக்காவில் 2024 மார்ச்சிலிருந்தும் கணினித் தேர்வாகிவிட்டது. இப்போது பத்தி 25 முதல் 150 சொற்கள்தான், ஒன்றுக்கு ஒரே கேள்வி. நீளமாகப் படித்துப் பழக இது உதவாது. ஆனால் இரண்டாவது சோதனையில் ஆங்கில வாக்கியம்தான் தடை என்று தெரிந்தால், இந்தச் சின்னப் பத்திகள் ஆரம்பப் பயிற்சிக்கு மிகவும் நல்லவை. கான் அகாடமி தளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஒரு வாக்கியத்தில் மூச்சு முட்டுகிற பிள்ளைக்கு 450 சொல்லைக் கொடுத்து வதைப்பதைவிட, 100 சொல்லை முழுசாகப் புரிந்துகொள்ள வைப்பது மேல்.

டெல்லி தேசிய சட்டப் பல்கலைக்கழகம் தனியாக நடத்தும் ஐலெட் தேர்வின் ஆங்கிலப் பகுதியும் உதவும், அதையும் எழுதும் எண்ணம் இருந்தால் இரட்டை லாபம். அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளுக்கான எல்சாட் வாசிப்புப் பகுதி அருமையானது, ஆனால் பட்டம் முடித்தவர்களுக்கானது, 35 நிமிடத்தில் நாலு பெரிய பத்தி, ஒவ்வொரு கேள்விக்கும் ஐந்து ஆப்ஷன். மகள் நவம்பரில் 20ஐத் தாண்டி நின்றால் தொடட்டும், இப்போது கொடுத்தால் பயந்துவிடுவாள். எம்பிஏவுக்கான கேட் தேர்வுப் பத்திகளுக்கும் இதேதான். மத்தியப் பல்கலைக்கழகங்களின் இளநிலைப் படிப்புகளுக்கான க்யூட் தேர்வின் ஆங்கிலம் எளிமையானது, தன்னம்பிக்கைக்கு நாலு எழுதலாம்.

மாமா சொல்லும் தலையங்கம் தப்பில்லை. நாட்டுநடப்புக்கும் சட்டப் பத்திக்கும் நன்றாகவே உதவும். ஆனால் கிளாட் ஆங்கிலப் பகுதியில் கதையும் வரும், பயணக் கட்டுரையும் வரும், யாரோ தன் பாட்டியைப் பற்றி எழுதிய நினைவுக் குறிப்பும் வரலாம். தலையங்கம் மட்டுமே படித்த பிள்ளை கதைப் பத்தியில் 'ஆசிரியர் வாதம் என்ன' என்று தேடிக்கொண்டிருக்கும். வாரத்தில் நாலு நாள் தலையங்கம், மூன்று நாள் கதை என்று பிரித்துக்கொள்ளட்டும். என்சிஇஆர்டி பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கிலப் பாடநூல்கள் அவர்கள் தளத்தில் இலவசம், நம் பிள்ளைகளின் நிலைக்குச் சரியாக இருக்கும். தலையங்கத்தைப் படித்த பிறகு தமிழில் இரண்டு வாக்கியத்தில் உங்களிடம் சொல்லட்டும். நீங்கள் ஆங்கிலம் படிக்கவில்லை என்றாலும் பரவாயில்லை. உங்களுக்குப் புரிகிற மாதிரி சொல்ல வந்துவிட்டால் அவளுக்கும் புரிந்துவிட்டது.

3,000 வார்த்தைப் பட்டியல் வேண்டாம். தேர்வில் ஒரு சொல்லுக்கு இந்த இடத்தில் என்ன பொருள் என்றுதான் கேட்கிறார்கள், பட்டியலில் இருக்கும் பொருள் பல நேரம் அங்கே பொருந்தாது. அவள் படித்த பத்தியில் தட்டுப்பட்ட சொல்லை அந்த வாக்கியத்தோடு ஒரு நோட்டில் எழுதட்டும், தினம் ஐந்தாறு போதும். டியூஷன் சாரைப் பகைத்துக்கொள்ள வேண்டாம், நோட்டைக் காட்டினால் அவருக்கும் திருப்தியாக இருக்கும்.

டெலிகிராம் பிடிஎஃப் விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். திருட்டுப் பிரதி என்பது ஒரு பக்கம். அதைவிட, யார் எழுதியது, எந்த வருடம், விடை சரியா என்று எதுவும் தெரியாத நூறு கோப்பு போனில் கிடந்தால், பிள்ளை ஒன்றையும் முழுதாக முடிக்காது. ஒன்றில் மூன்று பத்தி, இன்னொன்றில் இரண்டு என்று மேய்ந்துவிட்டு, நாள் முழுக்கப் படித்த மாதிரி ஒரு களைப்பு மட்டும் வரும். அசல் வினாத்தாள் தவிர மற்றதை அவள் கையாலேயே அழிக்கச் சொல்லுங்கள்.

நான் சொல்லும் ஒரே கட்டாயச் செலவு ஒரு நீள நோட்டு. ஒவ்வொரு தப்புக்கும் ஒரு வரி: எந்த ஆப்ஷனைப் போட்டேன், அது ஏன் இழுத்தது, சரியான விடைக்கு ஆதாரமான வரி எது. மூன்று வாரம் கழித்து அதைப் புரட்டிப் பார்த்தால், மேலே ஏரிப் பத்தியில் பார்த்த 'அ' வகையா, 'ஆ' வகையா, 'ஈ' வகையா, எதில் அவள் திரும்பத் திரும்ப விழுகிறாள் என்று அவளுக்கே தெரிந்துவிடும். பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஏதாவது ஒரு வகைதான் பலவீனம். அதற்கப்புறம் மெட்டீரியல் தேர்ந்தெடுக்க என்னைக் கேட்க வேண்டியதில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நம் மாநிலத்தில் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் ஐந்து வருடப் படிப்புக்கு ப்ளஸ் டூ மார்க்கை வைத்துத்தான் இடம், நுழைவுத் தேர்வு இல்லை. கிளாட் கிடைத்தால் உங்களுக்குப் பக்கத்திலேயே, நாவலூர் குட்டப்பட்டில், தமிழ்நாடு தேசிய சட்டப் பல்கலைக்கழகம் இருக்கிறது. கிடைக்காவிட்டாலும் அவள் வக்கீல் ஆவதை யாரும் தடுக்கப் போவதில்லை. ஆகவே கிளாட்டுக்காகப் பள்ளிப் பாடத்தை விட்டுவிட வேண்டாம். வாசிப்புக்கு நாளைக்கு ஒரு மணி நேரம் போதும்.

இப்போது அந்த 14,000. அறுபது மாக் டெஸ்ட் என்பது கேட்க நன்றாக இருக்கிறது. டிசம்பருக்குள் பள்ளித் தேர்வுகளுக்கு நடுவே அவளால் ஒழுங்காக எழுதி, ஒவ்வொன்றையும் உட்கார்ந்து அலசக்கூடியது பதினைந்துக்கு மேல் இருக்காது. எழுதிவிட்டு மார்க்கை மட்டும் பார்க்கிற டெஸ்ட்டுக்குப் பணம் கொடுப்பதில் பலனில்லை. சென்டருக்கு மகளையும் கூட்டிக்கொண்டு வியாழக்கிழமை போங்கள். ஒரு முழு மாக் டெஸ்ட்டையும் அதன் விடை விளக்கத்தையும் காட்டச் சொல்லுங்கள். ஆங்கிலப் பகுதியில் ஏதாவது ஒரு கேள்வியைத் தொட்டு, இதில் இரண்டாவது ஆப்ஷன் ஏன் தப்பு என்று மகளே கேட்கட்டும். பத்தியின் வரியைக் காட்டி விளக்கினால், பதினைந்து டெஸ்ட் மட்டும் தனியாகக் கொடுப்பீர்களா, எவ்வளவு என்று பேசிப் பாருங்கள். பணம் கட்டிய பிறகுதான் காட்டுவோம் என்றால், வெள்ளிக்கிழமை உங்கள் வேலையைப் பாருங்கள். அந்தத் தள்ளுபடி அடுத்த மாதமும் இருக்கும்.